பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர்

குளியலறையில் சோப்புத்தூளை யார் கொட்டியது என்றுதான் நான் முதலில் கேட்டேன். யாரும் கொட்டவில்லை. என் கணவர் சிறுநீர் கழித்துவிட்டு வந்த இடத்தில் நுரை நின்றிருந்தது. தண்ணீர் ஊற்றினால் போய்விடும், மறுநாள் மறுபடியும் வரும். அவர் கடலுக்குப் போயிருந்த நாள்களில் குளியலறை சுத்தமாக இருந்தது. அவர் திரும்பியதும் நுரையும் திரும்பியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்து, இப்படி நுரை நிற்பதைப் பார்த்தால் சோப்பைத் திட்டிக்கொண்டிருக்காதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

என் கணவர் பெயர் தேசிங்கு. காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். கிளம்பினால் ஒரு வாரம், பத்து நாள் என்று கடலில் இருப்பார். நான் யானைக்கவுனியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தினசரிக் காலண்டர் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். அவருக்குச் சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒவ்வொரு முறையும் மாத்திரையைப் பையில் வைத்துத்தான் அனுப்புவேன். கடலில் வேலை மும்முரமானால் மாத்திரை நினைவிருக்காது. டீ மட்டும் நினைவிருக்கும், அதில் போடும் சர்க்கரையும்.

பரிசோதனை முடிவுகளைப் பார்த்த டாக்டர் மாலினி எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். அரசு மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு மருத்துவர். வெளியே அத்தனை கூட்டம் இருந்தும் அவசரப்படாமல் பேசுபவர். சிறுநீரில் அல்புமின் (இரத்தத்தில் தங்க வேண்டிய புரதம்) வெளியேறுகிறது என்றார். அதுதான் நுரை. இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) தேங்கியிருக்கிறது. பல வருடச் சர்க்கரை சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளைக் கெடுத்துவிட்டது. வடிகட்டும் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

"போனது திரும்பி வராதுங்க. இருக்கறதை எவ்வளவு நாள் காப்பாத்தறோம்கிறதுதான் இனிமே வைத்தியம்" என்றார்.

தேசிங்கு அவரைப் பார்த்து, "எனுக்கு ஒண்ணுமே வலிக்கலியே டாக்டரம்மா" என்றார்.

எங்கள் வீட்டில் எல்லாரும் மருத்துவமனைக்குப் போவது வலித்தால்தான். வலிக்காத ஒரு நோய் இத்தனை வருடம் உள்ளே வேலை பார்த்திருக்கிறது என்பதை அவரால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் இடுப்பின் இரண்டு பக்கமும் விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு எங்கள் சமையலறை மாறியது. உப்பு பாதியானது. கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றும் வெளியேறின. மீன் உண்டு, ஆனால் அளவாக. மீன்காரர் வீட்டில் மீனை அளந்து சமைப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்பதை எங்கள் பக்கத்து ஆட்களிடம் கேட்டால்தான் தெரியும். பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிற நாளில் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "வாசனைக்கு உப்பு கெடியாது மே, டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன்" என்பார். கேட்டிருக்க மாட்டார்.

கடலுக்குப் போவதையும் நிறுத்த வேண்டியிருந்தது. கடலில் மாத்திரை தவறும், சாப்பாடு தவறும், ஏதாவது ஆனால் கரை சேர வெகுநேரம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். படகு முதலாளி நல்ல மனிதர், கரையில் இருந்தபடி இன்ஜின் வேலைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தேசிங்கு விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய் நிற்பார். மற்றவர்கள் கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். அந்த மாதங்களில் அவர் அதிகம் பேசவில்லை.

அப்போதுதான் காதர் பாய் வந்தார்.

தண்டையார்பேட்டையில் வலை, கயிறு விற்கும் கடைக்காரர். என் கணவரின் சின்ன வயது தோஸ்து. கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். ஸ்டெம் செல் ஊசி (குருத்தணு சிகிச்சை, எந்த உறுப்பின் அணுவாகவும் வளரக்கூடிய, அல்லது பழுதான அணுக்களுக்கு உதவக்கூடிய இளம் அணுக்களை உடலில் செலுத்துவது) போட்டால் சிறுநீரகம் புதிதாகிவிடும் என்று அதில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமு, இத்த பாரு. கெட்டுப்போன கிட்னி அப்டியே புச்சா ஆவுதாம். நீ இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற?" என்றார் காதர் பாய்.

தன் வேனிலேயே எங்களை அந்த இடத்துக்கு அழைத்துப் போனார். ஊருக்குத் தெற்கே, குளிரூட்டிய கட்டடம், வாசலில் செயற்கை நீரூற்று. வெள்ளைக் கோட்டு போட்டவர் எங்கள் பரிசோதனைத் தாள்களை முழுதாகக்கூடப் படிக்கவில்லை. மூன்று ஊசியில் பலன் தெரியும், டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியாக இரத்தத்தைச் சுத்திகரிப்பது) என்ற பேச்சே வராது என்று உறுதி சொன்னார். எழுதப்பட்டதைப் படித்துப் பிழை தேடுவது என் தொழில். அந்த அறையில் எழுதி வைத்திருந்தது ஒன்றுமே இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு.

ஆனாலும் திரும்பும் வழியில் தேசிங்குவின் முகத்தில் பல மாதங்களாகக் காணாத ஒரு களை இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. டாக்டர் மாலினியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. காணொளியை முழுக்கப் பார்த்தார். குருத்தணுக்களைப் பற்றிய ஆராய்ச்சி உண்மைதான், விலங்குகளிடம் நல்ல பலன் தெரிந்திருக்கிறது, மனிதர்களிடம் இன்னும் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று விளக்கினார். புதுச் சிறுநீரகம் முளைப்பதில்லை, வீக்கத்தையும் தழும்பையும் குறைத்து, கெடுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதே நம்பிக்கை. இந்த நோய்க்கு அது இன்னும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. முறையான ஆய்வுக்கு வெளியே போடக் கூடாது.

"குணமாயிடும்னு யாராவது அடிச்சு சொன்னா, அங்கேருந்து எழுந்து வந்துடுங்க" என்றார்.

தேசிங்கு தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் அவரைப் பார்த்து, ஒரு மருத்துவக் கல்லூரியில் முறையான ஆய்வு ஒன்று தொடங்கியிருப்பதாகச் சொன்னார். இவருடைய நிலையில் இருப்பவர்களைத்தான் சேர்க்கிறார்கள். கட்டணம் கிடையாது. ஒரே ஒரு விஷயம்: சேருபவர்களில் பாதிப் பேருக்குக் குருத்தணு, மீதிப் பேருக்கு வெறும் சலைன் (உப்பு கலந்த மருத்துவ நீர்). யாருக்கு எது என்பதைக் குலுக்கல் மாதிரிக் கணினி முடிவு செய்யும். ஆய்வு முடியும்வரை நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

வெளியே காத்திருந்த காதர் பாய் இதைக் கேட்டு நொந்துபோனார். பாதிப் பேருக்குத் தண்ணீர் ஏற்றுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு யோசித்தபோது புரிந்தது. எல்லாருக்கும் மருந்தையே கொடுத்தால், நன்றாக ஆனவர் மருந்தால் ஆனாரா, கவனிப்பால் ஆனாரா என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் மகள் பவானி அப்போது திருவொற்றியூரில் புகுந்த வீட்டில் இருந்தாள். செய்தி கேட்டு வந்தவள் தன் சிறுநீரகத்தைத் தருவதாகச் சொன்னாள். அவள் சொன்ன வேகத்தைப் பார்த்தால் அன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிடுவாள் போலிருந்தது. அந்த நிலை இன்னும் வரவில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தேசிங்கு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"நைனா, பேசிகினு இருக்கசொல எங்க போற?" என்றாள் பவானி.

"உன்கிட்டேர்ந்து ஒண்ணத்த எடுத்து எனுக்கு வெக்கணும்னா அந்த உசுரு எனுக்கு வேணாம். நான் அந்த ஆராய்ச்சிக்கே போறேன். பாதிக்குப் பாதிதான? கடலுக்குப் போனா அதுகூட நிச்சயம் கெடியாது" என்றார்.

அப்படித்தான் அவர் ஆய்வில் சேர்ந்தார். ஒப்புதல் படிவத்தை நான் மெய்ப்புப் பார்ப்பதுபோல் படித்தேன். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்ற வரியை அவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

மருந்து ஏற்றும் நாளன்று அவருக்கு நீல நிற அங்கி கொடுத்துப் படுக்க வைத்தார்கள். கம்பியில் தொங்கிய பைக்கும் குழாய்க்கும் மஞ்சள் உறை போட்டிருந்தார்கள். உள்ளே இருப்பது தெளிவா கலங்கலா என்று யாருக்கும் தெரியக் கூடாதாம். அவர் அதைப் பார்த்தபடியே படுத்திருந்தார். குருத்தணுவை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று அங்கிருந்த செவிலியரிடம் கேட்டார். பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடியிலிருந்து, தாய்மார்களின் சம்மதத்தோடு, என்று அவர் சொன்னார்.

பை காலியாகும்வரை தேசிங்கு குழாய் ஏறிய கையை அசைக்காமல் வைத்திருந்தார். ஆட்டோவில் வரும்போது என் காதருகில், "சுமதி, யாரோ பெத்த பச்சக் கொயந்த மே. இன்னும் பேருகூட வெச்சிருக்க மாட்டாங்க" என்றார்.

பாதிப் பேருக்குத் தண்ணீர் என்பதை அவர் அன்றே மறந்துவிட்டார். அல்லது மறந்ததாக முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் காலை பீடிக்கட்டை எடுத்துக் குப்பையில் போட்டார். முப்பது வருடமாக நான் சொல்லி நடக்காத காரியம். ஏன் என்று கேட்டேன். "உள்ள கொயந்த கீது. அது மேல பொகைய உடறதா?" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். விளையாட்டில்லை. மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். மாலையில் ராயபுரம்வரை நடந்துவிட்டு வந்தார். டீயில் சர்க்கரை போட வந்த கடைக்காரரிடம், "கொயந்திக்கு ஆவாது" என்று சொல்லியிருக்கிறார். தேசிங்குவின் பேரனுக்கு என்ன உடம்புக்கு என்று அந்தக் கடைக்காரர் என்னிடம் விசாரித்தார். அப்போது எங்களுக்குப் பேரனும் இல்லை, பேத்தியும் இல்லை.

சில வாரம் கழித்து இரண்டாவது முறையும் ஏற்றினார்கள். பிறகு மாதாமாதம் பரிசோதனை. ஆய்வுக் குழுவினர் இரத்த அழுத்தம், சர்க்கரை, உணவு எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுக் கவனித்தார்கள். சிறுநீரகத்தைக் காக்கும் புதிய மாத்திரை ஒன்றும் எல்லாருக்குமே கொடுத்தார்கள். கிரியேட்டினின் ஏறாமல் நின்றது. நுரை குறைந்தது. ஒவ்வொரு முறையும் தேசிங்கு தாளை வாங்கி, படிக்கத் தெரிந்த எண்களை மட்டும் படித்துவிட்டு, "வேல செய்து பாரு, குட்டி" என்று தன் வயிற்றைத் தட்டுவார்.

மழைக்காலத்தில் எல்லாம் தலைகீழானது. தெருவில் நின்ற தண்ணீரில் நடந்து காலில் ஏதோ குத்தியிருக்கிறது. சர்க்கரையால் மரத்துப்போன பாதம், அவருக்குத் தெரியவில்லை. காய்ச்சல் வந்து, கால் சிவந்து வீங்கியபிறகே பார்த்தோம். மருத்துவமனையில் சேர்த்த அன்று சிறுநீர் மிகவும் குறைந்துவிட்டது. கிரியேட்டினின் தாவி ஏறியது. இப்படியே போனால் தற்காலிகமாக டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் மாலினி என்னை வெளியே அழைத்துச் சொன்னார்.

அந்த வார்டுக்கு வெளியே ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்துகொண்டு நான் ஒன்றை உணர்ந்தேன். இத்தனை மாதமாக அவருடைய குழந்தைப் பேச்சைக் கேட்டுச் சிரித்த நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன். அது பைக்குள் இருந்ததா இல்லையா என்று தெரியாமலேயே, உள்ளே ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்ற தைரியத்தில் இருந்திருக்கிறேன். அன்று அந்தத் தைரியம் போய்விட்டது. காதர் பாய் எனக்கு டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தார்.

கிருமிக்கொல்லி மருந்து வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது. சிறுநீர் திரும்பியது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. கிரியேட்டினின் பழைய இடத்துக்கு முழுதாக இறங்கவில்லை, ஆனால் அருகே வந்து நின்றது. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்: சர்க்கரை நோயாளியின் பாதத்தைத் தினமும் இன்னொருவர் பார்க்க வேண்டும். அவர்களுக்கே தெரியும் என்று விட்டுவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு பவானி கருவுற்றாள். செய்தி வந்ததிலிருந்து தேசிங்குவுக்கு ஒரே நினைப்புத்தான். பேத்தியோ பேரனோ, அதன் தொப்புள்கொடியை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். டாக்டரிடம் கேட்டு வைத்தார். சம்பந்தியிடமும் பேசினார். பவானியும் சம்மதித்தாள். ஆனால் வலி முன்கூட்டியே வந்துவிட்டது. கிடைத்த வண்டியில் பக்கத்திலிருந்த மருத்துவமனைக்கு ஓடினார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பேத்தி பிறந்து துணியில் சுற்றியாயிற்று. கொடி வழக்கம்போல் கழிவோடு போய்விட்டது. தேசிங்கு குழந்தையைக் கொஞ்சுவதற்கு முன் அதைத்தான் விசாரித்தார். பவானிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

பேத்திக்கு முதல் பல் முளைத்த சமயத்தில் ஆய்வு முடிந்தது. யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதை நேரில் அழைத்துச் சொன்னார்கள். டாக்டர் மாலினியும் எங்களுக்காக அங்கே வந்திருந்தார். தேசிங்கு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

"ஐயா, உங்களுக்குக் குடுத்தது சலைன்தாங்க. ரெண்டு தடவையும்" என்றார் டாக்டர் மாலினி.

நான் என் கணவர் கையைப் பிடித்தேன். அவர் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"கருவாடு துன்னாதன்னு சொல்லிட்டு, நரம்புல உப்புத் தண்ணிய ஏத்திகினு இருந்தீங்களா டாக்டரம்மா?"

டாக்டரும் சிரித்துவிட்டார். ஆனால் அவர் கண்கள் கலங்கியிருந்தன. பிறகு பொறுமையாகச் சொன்னார். கவனிப்பு, மாத்திரை, பீடியை விட்டது, நடை இவைதான் இவரை இத்தனை தூரம் தாங்கியிருக்கின்றன. குருத்தணு பெற்றவர்களுக்குப் பெரிய தீங்கு ஏதும் வரவில்லை. பலன் எவ்வளவு என்பதை இன்னும் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள், இந்த ஓர் ஆய்வை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. எந்தப் பக்கமும் மிகைப்படுத்தாமல் அவர் பேசியது எனக்கு ஆறுதலாக இருந்தது.

தேசிங்குவுக்கு அந்த ஆறுதல் இல்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. அருகில் போய் உட்கார்ந்தேன்.

"அப்ப உள்ள யாருமே இல்லியா சுமதி?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, அந்தக் குழந்தை இல்லாமல் போகவில்லை, இவருக்குப் பதிலாக வேறு யாருக்கோ போயிருக்கிறது, அவ்வளவுதான் என்றேன்.

"எவனுக்குப் போச்சோ" என்றார். பிறகு, "அவன் பீடி புடிக்காம கீறானா?"

அன்றைக்கு அவர் சாப்பிட்டார். பீடிக்குத் திரும்பவில்லை. திரும்புவாரோ என்று பல நாள் அவர் சட்டைப் பையை முகர்ந்து பார்த்திருக்கிறேன்.

இது குணமடைந்த கதை அல்ல. சிறுநீரகம் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது, மெதுவாக. அடுத்து நடக்கப்போவதற்கும் இப்போதே ஆயத்தம் தொடங்கிவிட்டது. இடது கையில் இனி யாரையும் ஊசி குத்தவோ, இரத்த அழுத்தப் பட்டை கட்டவோ விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்றாவது டயாலிசிஸ் தேவைப்பட்டால் இயந்திரத்தோடு இணைக்க அந்தக் கையின் இரத்தக் குழாய்கள் வேண்டுமாம். அதனால் அவருடைய இடது கை எங்களுக்கு இனிமேல் வரப்போகும் வருடங்களைச் சேர்ந்ததாகிவிட்டது. அதில் அவர் பளு தூக்குவதில்லை. தூங்கும்போது அது உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் நான் எடுத்து விடுவேன்.

முன்பெல்லாம் என் காலம் அவர் கடலுக்குப் போவதிலும் திரும்புவதிலும் ஓடியது. காத்திருந்த நாள்கள் நீண்டன, அவர் வீட்டில் இருந்த நாள்கள் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தன. இப்போது ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிடைப்பதுதான் எங்கள் காலம். அது முழுவதும் அவர் கரையில்தான் இருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இத்தனை நாள் தொடர்ந்து நாங்கள் ஒரே வீட்டில் இருந்ததில்லை.

இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்புவதைப் பார்க்கக் காசிமேட்டுக்குப் போனோம். ஐஸ் வண்டிகளும் டீசல் கேன்களும் வழியனுப்ப வந்தவர்களுமாக ஒரே நெரிசல். தேசிங்கு ஒவ்வொரு படகையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொண்டே நடந்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு வலப்பக்கம்தான் நடந்து பழக்கம். அன்று யோசிக்காமலேயே இடப்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டேன். கூட்டத்தில் யார் இடித்தாலும் முதலில் என் மேல்தான் இடிக்க வேண்டும்.